அறையை அறையாகக் காட்டுதல்: வீட்டு விற்பனைப் படங்கள் எடுக்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

இத்தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், தாம்பரம் பக்கம் ஒரு பழைய அடுக்ககத்தில் இருந்த பத்துக்குப் பதினோரடி படுக்கையறையைக் கல்யாணக் கூடம் போலப் படம் பிடித்துக் கொடுத்தேன். லென்ஸ் மிக அகலமானது. நானோ மூலையில் முதுகை ஒட்டி நின்றிருந்தேன். அதனால் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் மேடையைப் போல நீண்டு, எதிர்ச்சுவர் தெருக்கோடிக்கு விலகிப் போயிருந்தது. தரகருக்கு வாயெல்லாம் பல். படத்தை நம்பி வந்த குடும்பத்தில் ஒரு பெரியவர் அறை வாசலிலேயே நின்று, தரையில் பதித்திருந்த இரண்டடி டைல்ஸை விரலால் எண்ணினார். நீளவாட்டில் ஐந்தரை, அகலவாட்டில் ஐந்து. “படத்துல இருந்த ரூம் எங்கப்பா?” என்று அவர் கேட்டதற்குத் தரகரிடம் விடை இல்லை. அந்தத் தரகர் அதன் பிறகு என்னை அழைக்கவும் இல்லை.

புதிதாக வருவோர் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். அதற்கும் விடை சொல்கிறேன். ஆனால் அந்தப் பெரியவரின் விரலை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். திருமணப் படத்தில் மெருகு சற்றுக் கூடினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வீட்டுப் படத்தில் கூட்டிய மெருகையோ, பார்க்க வருபவர் நேரில் நின்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொள்வார். சென்னை வீடுகளை வைத்தே எழுதுகிறேன். கோவைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வேலை எங்கிருந்து வருகிறது

பழைய வீடுகளையும் அடுக்ககக் குடியிருப்புகளையும் கைமாற்றிவிடும் தரகர்கள், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களில் தாமே விளம்பரம் போடும் உரிமையாளர்கள், மாதிரி வீட்டுக்கும் கட்டி முடித்த கட்டடத்துக்கும் படம் கேட்கும் பில்டர்கள், மாடுலர் சமையலறை செய்து கொடுத்துவிட்டுத் தம் கைவேலையைக் காட்ட விரும்பும் உள்ளலங்கார நிறுவனத்தார், ஈசிஆரிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாள்வாடகைக்கு வீடு விடுவோர் ஆகியோரே இந்த வேலையைத் தருபவர்கள். பில்டர் தரும் பணம் அதிகம்; அது கைக்கு வந்துசேர ஆகும் நாளும் அதிகம். தரகர் தருவது குறைவுதான் என்றாலும் அவர் பழகிவிட்டால் வாரத்துக்கு இரண்டு வீடாவது தொடர்ந்து வரும். ஆள் குடியிருக்கும், சாமான் நிறைந்த, வெளிச்சம் குறைந்த வீடுகளில்தான் கை பழகும் என்பதால், புதியவர் தரகர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. உள்ளலங்காரப் படம் ஏறக்குறைய வேறு துறை. அங்கே ஓர் அலமாரிக் கைப்பிடியின் பளபளப்புக்கு அரை மணி நேரம் போகும்.

தரகரைத் தேடிப் போவதற்கு முன் ஐந்து வீடுகளையாவது எடுத்திருக்க வேண்டும். சொந்த வீட்டையே காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் எடுத்துப் பாருங்கள். ஒரே சன்னல் மூன்று வேளையிலும் மூன்று விதமாகத் தொல்லை கொடுப்பது தெரியவரும். பிறகு உறவினர் வீடு, நண்பர் வீடு. அவற்றிலிருந்து பதினைந்து படங்களைப் பொறுக்கி எடுத்தால் காட்டுவதற்குப் போதும். அறிமுகமான தரகர் ஒருவருக்கு ஒரே ஒரு வீட்டை இலவசமாக எடுத்துக் கொடுத்து, அவர் கைப்பேசியில் எடுத்த படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இரண்டாவது வீட்டையும் இலவசமாக எடுத்தால், அந்த வட்டாரத்தில் உங்கள் விலை அதுதான் என்று ஆகிவிடும்.

கருவிகள்

கேமரா ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) பதியக்கூடியதாகவும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) தானே மாற்றி மூன்று அல்லது ஐந்து படங்களை அடுத்தடுத்து எடுக்கக்கூடியதாகவும் இருந்தால் போதும். கேனன், நிக்கான், சோனி இவற்றில் ஏதேனும் ஓர் ஏபிஎஸ்-சி கேமராவை, அதாவது சென்சார் சற்றுச் சிறிய கேமராவை, செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் ஒரு குறையும் இல்லை. மிச்சப்பட்ட பணத்தை லென்ஸில் போடுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 10–18 அல்லது 10–20 மிமீ, சென்சார் பெரிதான ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு 16–35 மிமீ என்பதே இத்தொழிலில் வழக்கமான வைட் ஆங்கிள் லென்ஸ்.

லென்ஸ் அத்தனை அகலம் போகிறது என்பதற்காக அத்தனையையும் பயன்படுத்திவிடக் கூடாது. ஃபுல் ஃபிரேமில் 16 மிமீ லென்ஸ் பக்கவாட்டில் ஏறத்தாழ 97 டிகிரியைப் படத்துக்குள் கொண்டுவருகிறது. 24 மிமீ லென்ஸ் 74 டிகிரியைக் கொண்டுவருகிறது. அகலம் கூடக் கூட, ஓரத்தில் இருக்கும் நாற்காலியும் குளிர்சாதனப் பெட்டியும் இழுபட்டுப் பெருக்கும். நடுவில் இருக்கும் பொருள் சிறுத்துத் தூரம் போகும். கூடத்துக்கு 20 முதல் 24 மிமீ வரை, சிறிய படுக்கையறைக்கு 18, வேறு வழியே இல்லாத குளியலறைக்கு மட்டும் 16 என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நிக்கான், சோனி ஏபிஎஸ்-சி கேமரா உள்ளவர்கள் இந்த எண்களை 1.5-ஆலும், கேனன் உள்ளவர்கள் 1.6-ஆலும் வகுத்துக்கொள்ளலாம். தாம்பரம் அறையை நான் எடுத்தது 14 மிமீ லென்ஸில்.

அடுத்து, அசையாமல் நிற்கும் ஒரு டிரைபாட். மூன்று திசையிலும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்யும் கியர் ஹெட் கிடைத்தால் வேலை பாதியாகும். கிடைக்காவிட்டால் கேமராத் திரையில் தெரியும் மட்டக்கோட்டை நம்பலாம். கொத்தனாரின் ரசமட்டம் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. கூரையில் அடித்துத் திருப்புவதற்கு ஒரு ஃபிளாஷ், அதற்குரிய வயர்லெஸ் டிரிக்கர், ஒரு மாற்று பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, கண்ணாடி துடைக்கும் துணி ஆகியவற்றோடு என் பை நிறைந்துவிடும். செங்குத்துக் கோடுகளை லென்ஸிலேயே நிமிர்த்தும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்கள் அருமையானவை. கட்டடக்கலைஞர்களுக்காக எடுக்கும் காலம் வரும்போது அவற்றைப் பற்றி நினைத்துக்கொள்ளலாம்.

போவதற்கு முந்தைய நாள்

வேலையை ஒப்புக்கொள்ளும்போதே நான் கேட்கும் முதல் கேள்வி, வீடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது. வாஸ்துவுக்காக நம் ஊரில் எல்லோருக்கும் இந்த விடை மனப்பாடமாக இருப்பது படம் எடுப்பவருக்குப் பெரிய வசதி. கிழக்குப் பார்த்த முகப்பைக் காலை எட்டு மணிக்குள்ளும், மேற்குப் பார்த்ததை மாலை நான்கு மணிக்குப் பிறகும் எடுக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றும். வடக்குப் பார்த்த வீட்டுக்குத்தான் கணக்குத் தெரிய வேண்டும். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரையோ, வடக்கு முகப்பில் நாள் முழுவதும் நேர்வெயில் படாது. அந்த மாதங்களில் வடக்கு வாசல் வீட்டை மேகமூட்டமான நாளிலோ அந்தியிலோ எடுப்பதே நல்லது. இல்லாவிட்டால் வானம் வெளுத்து, முகப்பு கறுத்து நிற்கும்.

அந்திப் படம் கேட்பவர்களிடம் நேரத்தைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்த பிறகு வானம் நீலமாகவும் வீட்டு விளக்குகள் மஞ்சளாகவும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்பது இருபது நிமிடம்கூட இராது. டிசம்பரில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஆறரை தாண்டும். டிரைபாடை முன்கூட்டியே நிறுத்தி, வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால் மறுநாள்தான்.

வீட்டை ஒழுங்குசெய்யும்படி உரிமையாளருக்கு முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுவது என் வழக்கம். பால்கனிக் கொடியில் காயும் துணி, வாசலில் குவிந்த செருப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன், குளியலறை வாளியும் கப்பும், குளிர்சாதனப் பெட்டி மேல் அடுக்கிய மருந்துச் சீட்டு, பரணில் இருந்து தொங்கும் பாய் ஆகியவற்றை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். தினசரிக் காலண்டரைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தேதி படத்தில் விழுந்துவிட்டால், மூன்று மாதம் கழித்துப் பார்ப்பவருக்கும் இந்த வீடு இன்னும் விலைபோகவில்லை என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். குழந்தைகளின் பள்ளி அடையாள அட்டை, குடும்பப் படங்கள், பீரோச் சாவி போன்றவை படத்தில் வரக் கூடாது. இணையத்தில் யார் பார்ப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. வாசல் கோலத்தை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் ஆள் வாழ்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எத்தனை சொன்னாலும் நீங்கள் போகும்போது பாதிதான் நடந்திருக்கும். மீதியை வீட்டுக்காரரின் ஒப்புதலோடு செய்ய வேண்டும். “அம்மா, இந்த வாளியைக் கொஞ்சம் பின்பக்கம் வெச்சுக்கட்டுமா? முடிஞ்சதும் நானே எடுத்து வெச்சிடறேன்” என்று கேட்டுவிட்டுத் தொட்டால் யாரும் மறுப்பதில்லை. பூஜை அறைக்குள் கேட்காமல் கால் வைக்காதீர்கள். பலருக்கு அதைப் படம் எடுப்பதே பிடிக்காது. வீட்டைச் சேர்ந்த ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே வேலை செய்யுங்கள். பிறகு ஏதோ ஒரு பொருளைக் காணவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வருவது நம் முகம்தான்.

கேமரா நிற்கும் இடம்

படத்தின் தரத்தில் முக்கால் பங்கு இங்கே முடிவாகிறது. கேமரா மேலோ கீழோ சாயாமல் மட்டமாக இருந்தால் சுவரின் ஓரமும் கதவு நிலையும் படத்தில் நேராக நிற்கும். சற்றே தலையைக் கவிழ்த்தாலும் அவை இரண்டு பக்கமும் சரிந்து, வீடே ஆட்டம் கண்டதுபோல் தோன்றும். கேமராவைக் கவிழ்க்காமல் தரையைக் கூடுதலாகக் காட்ட வேண்டும் என்றால், டிரைபாடின் உயரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

உயரம் எவ்வளவு? நின்ற நிலையில் கண் மட்டத்துக்கு வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. அப்படி வைத்தால் கூரை படத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். சோபாவும் கட்டிலும் கீழே அமுங்கிப்போகும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் லென்ஸ் தரையிலிருந்து நான்கு, நான்கரை அடியில் இருக்கட்டும். சமையலறையில் மேடையின் மேற்பரப்பு ஒரு பட்டையாகத் தெரியவும், மேல் அலமாரியின் அடிப்பக்கம் தெரியாமல் இருக்கவும் வேண்டும். லென்ஸை மேல் அலமாரியின் அடிப்பக்க உயரத்திலேயே வைத்தால் இரண்டும் அமையும். குளியலறையில் வாஷ்பேசின் கண்ணாடிக்குள் நீங்களும் கேமராவும் தெரியாத இடத்தைத் தேடுவதே முதல் வேலை. படுக்கையறை வார்ட்ரோபில் ஆளுயரக் கண்ணாடி இருந்தாலும் இதே கதைதான். பல நேரம் கதவுக்கு வெளியே நின்று, நிலைப்படியைப் படத்துக்குள் வரவிடாமல் எடுக்க வேண்டியிருக்கும்.

ஓர் அறையை இரண்டு விதமாக எடுக்கலாம். எதிர்ச்சுவருக்கு நேராக நின்று எடுப்பது ஒன்று. மூலையிலிருந்து இரண்டு சுவர்கள் தெரிய எடுப்பது மற்றொன்று. மூலைப் படம் அறையின் வடிவத்தைச் சொல்லும், நேர்ப்படம் அமைதியாக இருக்கும். நேர்ப்படத்தில் கேமரா ஒரு நூல் திரும்பியிருந்தாலும் கண்ணை உறுத்தும். இதற்கு நான் கண்ட எளிய வழி, டைல்ஸ் இணையும் கோடு. டிரைபாடின் முன்னங்கால்கள் இரண்டையும் ஒரே கோட்டின் மேல் வைத்துவிட்டால் கேமரா ஏறக்குறைய எதிர்ச்சுவருக்கு நேராகிவிடும். பிறகு மிகச் சிறிய திருத்தம்தான் தேவைப்படும். பெரியவர் எண்ணிய அதே டைல்ஸ் எனக்கு இப்படி உதவத் தொடங்கியது. அந்தக் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி தரையைக் காட்டினால், படம் பார்ப்பவர் அறையின் அளவைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார். அளவு சிறிதென்று தெரிந்தும் தேடி வருபவரே வாங்கும் எண்ணத்தோடு வருபவர்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பதினைந்து முதல் இருபது படங்கள் போதுமானவை. முகப்பு, வாசல், கூடம் இரண்டு கோணத்தில், சாப்பிடும் இடம், சமையலறை, ஒவ்வொரு படுக்கையறையும், குளியலறைகள், துணி துவைக்கும் இடம், பால்கனி, பால்கனியிலிருந்து தெரியும் காட்சி, கார் நிறுத்துமிடம், லிஃப்ட், மொட்டைமாடி, தெரு என்று வீட்டுக்குள் ஒருவர் நடந்து போகும் வரிசையிலேயே எடுத்தால் எதுவும் விட்டுப்போகாது. தெருவின் அகலம் தெரியும் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாங்குபவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளில் கார் உள்ளே வருமா என்பதும் ஒன்று.

வெளிச்சம்

அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100 அல்லது 200, ஷட்டர் வேகம் எவ்வளவு மெதுவானாலும் பரவாயில்லை, இரண்டு விநாடி டைமர்: இவற்றை ஒருமுறை அமைத்துவிட்டால் வீடு முழுவதற்கும் மாற்ற வேண்டியிருக்காது. 16 மிமீ-யில் எஃப் 8 வைத்து நான்கடி தொலைவில் ஃபோகஸ் செய்தால், இரண்டடியிலிருந்து எதிர்ச்சுவர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். ஓடும் விசிறி படத்தில் கூரையில் படிந்த புகை போலத் தெரியும். வியர்த்து வழியும், வேறு வழியில்லை.

உள்ளே இருட்டாகவும் சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியும் இருக்கும்போது ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் பிடிக்க முடியாது. ஆகவே டிரைபாடை அசைக்காமல், சரியான அளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பது) குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைப்பார்கள். வெயில் கடுமையாக இருந்தால் ஐந்து எடுக்க வேண்டும். இந்த எச்டிஆர் முறை எளிது. ஆனால் இணைக்கும் மென்பொருளை அதன் போக்கில் விட்டால் சுவரெல்லாம் அழுக்குச் சாம்பல் நிறமாகவும், சன்னல் கம்பியைச் சுற்றி ஒளிவட்டமாகவும் வரும்.

இரண்டாவது முறையில், விளக்குகளை அணைத்து இயற்கை வெளிச்சத்தில் ஒரு படமும், ஃபிளாஷைக் கூரையில் அடித்து மற்றொரு படமும் எடுத்து, இரண்டையும் ஃபோட்டோஷாப்பில் அடுக்குகளாகக் கலக்க வேண்டும். முதல் படம் அறையின் நிழல்களைத் தரும், இரண்டாவது உண்மையான நிறத்தைத் தரும். நம் வீடுகளில் கூரை பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது இதற்குத் தோது. சுவர்தான் தொல்லை. கிளிப்பச்சையோ ரோஜா நிறமோ அடித்த படுக்கையறையில் வெயில் பட்டுத் திரும்பும் ஒளியும் அந்த நிறத்தையே ஏந்திவந்து, வெள்ளைப் போர்வையையும் கூரையையும் சாயம் ஏற்றிவிடும். ஃபிளாஷைச் சுவரில் அடிக்காமல் கூரையில் அடித்தால் அது பெருமளவு விலகும். எச்டிஆர் முறையில் ஆறு மாதம் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். முதல் நாளே இரண்டையும் கலந்து குழம்ப வேண்டாம்.

வீட்டு விளக்குகளைப் போடுவதா, வேண்டாமா என்பதில் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பகலில் அணைத்துவிடுவதே என் பழக்கம். நம் கூடங்களில் ஒரு சுவரில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி டியூப்லைட்டும், ஃபால்ஸ் சீலிங்கில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கும், சன்னலில் பகல் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்தால், எந்த ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) வைத்தாலும் ஏதாவது ஒரு மூலை நீலமாகவோ மஞ்சளாகவோ நிற்கும். விளக்குகளைப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரே நிற விளக்குகளை மட்டும் போடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தரம் குறைந்த எல்இடி விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மினுக்கும். ஷட்டர் வேகம் அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம்.

கணினியில் செய்யக்கூடியதும் கூடாததும்

லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட விருப்பமில்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளில் தொடங்கலாம். லென்ஸ் வளைவைத் திருத்துவது, செங்குத்துக் கோடுகளை நிமிர்த்துவது, மூன்று படங்களை இணைப்பது, நிறத்தைச் சரிசெய்வது என்ற வரிசையில் போனால் ஒரு வீட்டுக்கு இரண்டு, மூன்று மணி நேரத்தில் வேலை முடியும்.

எதை அழிக்கலாம் என்பதில் எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. வீட்டை விற்பவர் காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகும் பொருளையும், துடைத்தால் போகும் கறையையும் படத்திலிருந்து அழிக்கலாம். வாங்குபவர் வந்த பிறகும் அங்கேயே இருக்கப்போவதை அழிக்கக் கூடாது. சுவர் விரிசல், கூரையில் ஊறிய ஈரம், சன்னலுக்கு எதிரே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்து மனையில் உள்ள செல்போன் கோபுரம் ஆகிய எல்லாம் இரண்டாவது வகை. வெளிறிய வானத்துக்குப் பதிலாக நீல வானம் ஒட்டுவதைப் பலர் கேட்பார்கள். எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதில் யாருக்கும் நட்டமில்லை. காலி அறையில் கணினியாலேயே சோபா போட்டுக் காட்டுவதானால், அது கணினியில் சேர்த்தது என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

பில்டருக்கு எடுக்கும்போது இது சட்டமாகவும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 12-ஆம் பிரிவுப்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ இருந்த பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டி நட்டமடைந்தவருக்குக் கட்டுமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். அவர் விலக விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பதிவுக்கு உரிய திட்டங்களின் விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இடம்பெறுவது கட்டாயம் என்பதால், படத்தில் அதற்கு இடம் விட்டு எடுத்துக் கொடுத்தால் விளம்பர வடிவமைப்பாளர் உங்களை வாழ்த்துவார்.

ட்ரோன் படம் கேட்டால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரை உள்ளது நானோ வகை. அதற்கு மேல் இரண்டு கிலோ வரை உள்ளது மைக்ரோ வகை. மைக்ரோ ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில்தான் முன்னனுமதி இல்லாமல், குறிப்பிட்ட உயரம் வரை பறக்கவிடலாம். சென்னையில் மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும், கோவையில் விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால், வீட்டு விற்பனை சூடாக நடக்கும் பல இடங்கள் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால் ஒவ்வொரு முறையும் அரசின் வான்பரப்பு வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். சான்றிதழ் உள்ள ஒருவரை நாள்கூலிக்கு அழைத்துக்கொள்வதே எனக்குக் கட்டுப்படியாகிறது.

விலையும் வசூலும்

பக்கத்தில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று கேட்டு விலை வைப்பவர்கள் ஓராண்டு தாண்டுவது கடினம். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். கருவிகளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் போட்டு, அவை மூன்றாண்டு உழைக்கும் என்று வைத்தால், மாதம் ஏறத்தாழ 4,200 ரூபாய் தேய்மானம். மாதத்துக்குப் பத்து வீடு எடுத்தால் வீட்டுக்கு 420 ரூபாய். இதோடு போக்குவரத்தில் இரண்டு மணி நேரம், படப்பிடிப்பு இரண்டு மணி நேரம், கணினியில் மூன்று மணி நேரம் என்று ஏழு மணி நேரக் கூலியும் பெட்ரோலும் சேர வேண்டும். அந்தத் தொகைக்குக் கீழே யார் கேட்டாலும் மறுத்துவிடலாம். அறை எண்ணிக்கைக்கு விலை வைப்பது வாடிக்கையாளருக்கு எளிதில் புரிகிறது. சதுர அடிக்கு விலை வைத்தால் பெரிய கூடம் உள்ளவர் பேரம் பேசுவார்.

எத்தனை படம், எந்த நாளுக்குள், பாதி முன்பணம், மறுபடி எடுக்க நேர்ந்தால் யார் செலவு, படங்களின் உரிமை யாருக்கு என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரிவதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். படங்களை உங்கள் இணையப் பக்கத்தில் காட்டவோ, அதே வீட்டை அலங்கரித்த நிறுவனத்துக்கு மறுபடி விற்கவோ எண்ணம் இருந்தால், அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நடுவண் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்வதற்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்தவருக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். ஒருமுறை ஒரு பில்டர் அலுவலகத்தில் என் பில் நான்கு மாதம் மேசை மேசையாக நகர்ந்தது. அடுத்த பில்லின் தலையில் உத்யம் எண்ணை அச்சிட்டு, கெடு நாளையும் குறிப்பிட்டு அனுப்பினேன், ஆறாவது வாரத்தில் பணம் வந்தது. ஆண்டின் மொத்த வரவு இருபது லட்சத்தைத் தாண்டும்வரை சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் பதிவு எண் உள்ளவரையே விரும்புவதுண்டு.

படங்களை ஒப்படைக்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிக் கெடுத்துவிடும். டாகுமெண்டாக அனுப்பலாம், அல்லது கூகுள் டிரைவ் இணைப்பாகக் கொடுக்கலாம். நீளப் பக்கம் 2000 பிக்சல் உள்ள ஒரு தொகுப்பு இணையத்துக்கும், முழு அளவுத் தொகுப்பு அச்சுக்கும் என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கோப்புக்கும் “01 முகப்பு”, “02 கூடம்” என்று பெயரிட்டுக் கொடுத்தால் தரகர் அதே வரிசையில் ஏற்றிவிடுவார். ரா கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து இரண்டாண்டாவது அழிக்காமல் இருங்கள். அதே வீடு வாடகைக்கு என்று அடுத்த ஆண்டே திரும்பி வருவதுண்டு. அப்போது முகப்பையும் தெருவையும் மட்டும் புதிதாக எடுத்தால் போதும்.